அமெரிக்கா 'நாமே முதல்' என்று சொல்லும்போது யாரிடம் பேசுகிறது?

கேட்டவர்: வாசல்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச உறவுகள் தாளில் எங்களுக்குச் சொல்லித் தருவது இதுதான்: ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பது தலைவரின் குணமோ உள்ளூர் அரசியலோ இல்லை, உலகத்தில் யாரிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்ற கணக்குதான், ஆட்சி மாறினாலும் நாட்டின் நலன் மாறாது. இதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் படித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

'அமெரிக்காவே முதலில்' என்று ட்ரம்ப் சொன்னபோது, ஊர் வம்பு வேண்டாம், நம் வீட்டைப் பார்த்துக்கொள்வோம் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். 2017 ஜனவரியில் பதவியேற்ற மூன்றே நாளில் பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தார், ஜூனில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தார், சரி, இதெல்லாம் பொருந்துகிறது. ஆனால் அதே ஆள்தான் 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி சுலைமானியைக் கொல்ல உத்தரவிட்டார், 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் இருக்கும் ஃபோர்டோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் மூன்று இடத்திலும் குண்டு போடச் சொன்னார், கிரீன்லாந்து எங்களுக்கு வேண்டும் என்கிறார். ஒதுங்கிப் போகிறவர் இப்படியா செய்வார்?

இது ஒரு தனி மனிதரின் போக்கா, அல்லது 'உண்மையான மக்கள் நாங்கள்தான், மேலே இருக்கிற படித்த கூட்டம் நம்மை விற்றுவிட்டது' என்கிற இந்த ஜனரஞ்சக தேசியவாதம் வெளியுறவுக் கொள்கையையே வேறு மாதிரி ஆக்குகிறதா? அங்கே வசிக்கிறவர்கள், வரலாறு தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஈரிக்கரை:

தம்பி, நான் ஒஹையோ மாநிலத்தின் வடகிழக்கில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். புத்தகத்திலிருந்து சொல்ல எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் யங்ஸ்டவுன் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் எஃகு உருக்கிய ஊர். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, அங்கிருந்த பெரிய எஃகு ஆலையை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், ஒரே அடியில் சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. இன்றைக்கும் வயதானவர்கள் அதைக் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். தேதியைக் கவனி. மெக்சிகோவோடு நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1994-இல். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். இந்த ஊர் அதற்கெல்லாம் முன்னாலேயே அடிவாங்கியது, அதற்குப் பிறகு அந்த இரண்டும் வந்து மிச்சத்தையும் கொண்டுபோயின. ஆக மொத்தம் நாற்பது வருடம், எந்தக் கட்சி வந்தாலும், 'உலகமயம் எல்லோருக்கும் நல்லது, நீங்கள் வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள்' என்ற ஒரே பதில்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

என் பக்கத்து வீட்டுக்காரர் லார்ட்ஸ்டவுன் கார் ஆலையில் வேலை பார்த்தவர். சங்கத்துக்காரர், ஒபாமாவுக்கு இரண்டு முறையும் ஓட்டுப் போட்டவர், 2016-இல் ட்ரம்புக்கு மாறினார். 2017 ஜூலையில் ட்ரம்ப் யங்ஸ்டவுனில் கூட்டம் போட்டு, வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீட்டை விற்றுவிடாதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் அந்த ஆலையே மூடப்பட்டது. அவருடைய அடையாள அட்டை இன்னும் கேரேஜில், ஸ்பேனர்கள் மாட்டும் பலகையில், ஒரு ஆணியில் தொங்குகிறது. அதற்குப் பிறகும் அவர் ட்ரம்புக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஏன் என்று நானே கேட்டேன். 'வேலை வரவில்லைதான், ஆனால் எங்களை ஏமாற்றினார்கள் என்று அவர் ஒருவர்தான் சத்தமாகச் சொன்னார்' என்றார்.

அதே கேரேஜில்தான் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியைப் பற்றியும் பேசினோம். அவர் மகன் ஈராக்குக்குப் போய் வந்தவன். 'ஜெர்மனிக்காரன் எனக்கு நல்ல நல்ல கார் விற்கிறான், அவன் எல்லைக்கு என் பையன் காவலா?' என்று கேட்டார். நேட்டோ நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காடு பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2014-இல் வேல்ஸ் மாநாட்டில் பேசியதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குப் புரிவது கொடுக்கல் வாங்கல். நாம் கொடுத்தோம், அவன் வாங்கிக்கொண்டான், திருப்பித் தரவில்லை.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். ட்ரம்ப் நேட்டோவைத் திட்டும்போது அதன் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் இருக்கிறவர்களிடம் பேசவில்லை, இந்த கேரேஜில் இருக்கிறவரிடம் பேசுகிறார். குண்டு போடுவதும் ஒப்பந்தத்தைக் கிழிப்பதும் உனக்கு முரணாகத் தெரிகிறது. இங்கே கேட்கிறவர் காதில் இரண்டும் ஒன்றுதான்: 'இனி நம்மை யாரும் இளிச்சவாயன் என்று நினைக்க முடியாது.'


பழையகிணறு:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். ஈரிக்கரை சொன்னது சரியான இடத்தைத் தொடுகிறது, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

'ஒதுங்கிப் போவது' என்பதும் 'அமெரிக்காவே முதலில்' என்பதும் ஒன்று என்று நாம் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1940 செப்டம்பரில் அதே பெயரில் அங்கே ஒரு குழு தொடங்கினார்கள், ஹிட்லரை எதிர்த்து பிரிட்டனுக்குத் துணையாக அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்பதற்காக. அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் அதன் முக்கியப் பேச்சாளர். சுமார் 8 லட்சம் பேர் உறுப்பினர்கள். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய நாலாவது நாள் அந்தக் குழு கலைந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஒதுங்கிக்கொள்ளும் அர்த்தம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் ட்ரம்ப் 2017-இல் தன் அலுவலகச் சுவரில் மாட்டிய படம் லிண்ட்பெர்க்குடையது இல்லை, ஆண்ட்ரூ ஜாக்சனுடையது. 1829 முதல் 1837 வரை ஆண்ட ஏழாவது அதிபர். அவரைத் தெரிந்துகொண்டால் உன் குழப்பத்தில் பாதி தீரும் தம்பி. 1818-இல் ஜாக்சன் தளபதியாக இருந்தபோது ஸ்பெயினுக்குச் சொந்தமான ஃப்ளோரிடாவுக்குள் படையோடு புகுந்தார், செமினோல் பழங்குடிகளுக்கு உதவினார்கள் என்று சொல்லி இரண்டு பிரிட்டிஷ் குடிமக்களைப் பிடித்து மரண தண்டனை கொடுத்தார். வாஷிங்டனில் இருந்த பெரிய மனிதர்கள் பதறினார்கள், பிரிட்டனோடு போர் வந்துவிடுமோ என்ற பயம், காங்கிரசில் விசாரணை வேறு நடந்தது. எல்லைப்புறத்து மக்களுக்கோ அவர் வீரர். பத்து வருடம் கழித்து அதிபர் தேர்தலில் ஜெயித்தார். பிறகு பழங்குடிகளை மண்ணைவிட்டு விரட்டும் சட்டத்தை 1830-இல் கொண்டுவந்ததும் இவர்தான், பணக்காரர்களின் வங்கி என்று சொல்லி மத்திய வங்கியின் மசோதாவை 1832-இல் தடுத்ததும் இவர்தான். இரண்டும் ஒரே கை செய்த வேலை. 'நம் மக்கள்' என்ற வட்டத்துக்குள் இருப்பவனுக்குப் பாதுகாவலர், வெளியே இருப்பவனுக்கு எமன்.

வரலாற்றாசிரியர்கள் இதை ஜாக்சன் மரபு என்கிறார்கள். ஊர் உலகத்தைத் திருத்தும் ஆசை இந்த மரபுக்குக் கிடையாது. ஜனநாயகத்தைப் பரப்புகிறேன் என்று போய் இருபது வருடம் உட்காருவது பிடிக்காது. ஆனால் சீண்டினால் அளவுக்கு மீறி அடிக்கும், அடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். ஈரானில் நடந்ததை இதோடு வைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது 2016-இல் வாக்குக்காகப் போட்ட வேஷம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1987 செப்டம்பரில் ட்ரம்ப் தன் சொந்தக் காசில் மூன்று பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ஜப்பானும் மற்ற நாடுகளும் அமெரிக்காவை ஏய்த்துப் பிழைக்கின்றன, நாம் அவர்களைக் காக்கிறோம், அவர்கள் அதற்குப் பணம் கட்டட்டும் என்பதுதான் சாரம். ஜப்பான் என்ற இடத்தில் சீனா, ஜெர்மனி, இந்தியா என்று பெயர் மாறியதே தவிர எண்ணம் அப்படியே இருந்திருக்கிறது. அந்த எண்ணமும் யங்ஸ்டவுன்காரரின் வயிற்றெரிச்சலும் முப்பது வருடம் கழித்துச் சந்தித்துக்கொண்டன.


நெடுஞ்சாலை:

இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்து.

'ஜனரஞ்சகம்' என்ற சொல்லைப் படித்தவர்கள் எடுக்கும்போதே ஜனங்கள்தான் பிரச்சினை என்கிற தொனி வந்துவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. 2003-இல் ஈராக்குக்குள் போனது யார் முடிவு? அங்கே இல்லாத ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்னது கேரேஜில் இருந்தவர்களா? இரண்டு கட்சியின் பெரிய தலைகளும் ஓட்டுப்போட்டார்கள், பெரிய பத்திரிகைகள் ஆமோதித்தன, 4,400-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், செத்த ஈராக்கியர்களின் எண்ணிக்கை லட்சங்களில் போகிறது. அந்த முடிவை எடுத்தவர்களில் பதவி இழந்தவர்கள் எத்தனை பேர்? நிபுணர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை போனது சும்மா இல்லை.

அடுத்து, ஒரு தனி மனிதரின் போக்கா என்று வாசல்திண்ணை கேட்டதற்கு ஆதாரத்தோடு பதில் இருக்கிறது. பசிபிக் ஒப்பந்தத்தை 2015-லேயே ஹிலாரி கிளிண்டனும் எதிர்த்துவிட்டார், அமைச்சராக இருந்தபோது அதைப் புகழ்ந்தவர். பைடன் வந்து சீனாவின் மீதான ட்ரம்ப் வரிகளை எடுக்கவில்லை, 2024-இல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 விழுக்காடு வரி போட்டார். ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேற 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு கையெழுத்துப் போட்டது ட்ரம்ப் அரசு, 2021 ஆகஸ்டில் நிறைவேற்றியது பைடன் அரசு. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வுக்கு நீதிபதிகளை நியமிக்க விடாமல் முடக்கியதில் 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவே இல்லை, அதையும் பைடன் சரிசெய்யவில்லை. தரை நகர்ந்துவிட்டது, யார் வந்து நின்றாலும் புது இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ட்ரம்ப் போனால் பழையபடி ஆகிவிடும் என்று ஐரோப்பாக்காரர்கள் 2021-இல் நம்பி ஏமாந்தது இதைப் புரிந்துகொள்ளாமல்தான்.


ஈரிக்கரை:

நெடுஞ்சாலை, ஈராக் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் என் மனம் ஆறவில்லை.

பைடனுக்கும் ட்ரம்புக்கும் கொள்கை அளவில் ஒற்றுமை இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் கையையே வெட்டுவது வேறு விஷயம். கென்னடி காலத்தில், 1961-இல் தொடங்கிய யுஎஸ்எய்ட் உதவி நிறுவனத்தை 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, மார்ச்சில், அதன் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவே அறிவித்தார். அதே ஜூலையில் வெளியுறவுத் துறையில் ஒரே நாளில் 1,300 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு உதவி மொத்த மத்திய பட்ஜெட்டில் ஒரு விழுக்காட்டுக்குப் பக்கம்தான் இருந்தது. ஆனால் இங்கே பல வருடமாகக் கருத்துக்கணிப்பில் மக்களிடம் கேட்டால் கால்வாசி பட்ஜெட் அதற்குத்தான் போகிறது என்பார்கள். அதைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை, அந்தத் தவறான எண்ணத்தின் மேலேயே கோடாலியைப் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் எச்ஐவி மருந்து வாங்கிக்கொண்டிருந்தவருக்கும் யங்ஸ்டவுன்காரருக்கும் என்ன பகை? மேலே இருக்கிறவர்கள் மேல் உள்ள கோபம் கடைசியில் விழுந்தது மருந்துக்கு வரிசையில் நின்றவர் தலையில்.

அப்புறம் டென்மார்க். நேட்டோ வரலாற்றில் 'ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியது போல' என்கிற ஐந்தாவது விதி ஒரே ஒரு முறைதான் அமலுக்கு வந்தது, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அறுபது லட்சம் பேர் வாழும் டென்மார்க் ஆப்கானிஸ்தானில் நாற்பதுக்கு மேற்பட்ட சிப்பாய்களை இழந்தது. டென்மார்க்கின் கீழ் இருக்கிற கிரீன்லாந்தில் 1951 ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டால் இன்னும் கொடுத்திருப்பார்கள். 2025 ஜனவரியில், ராணுவத்தைப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி தர முடியுமா என்று நிருபர்கள் கேட்டபோது ட்ரம்ப் முடியாது என்றார். 'திருப்பித் தரவில்லை' என்பதுதான் புகார் என்றால், உயிரையே தந்தவனுக்கு இதுவா பதில்? இதை நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். டென்மார்க் நமக்காகப் போரில் சண்டை போட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், 'என் மகனுக்குத் தெரிந்திருக்கும்' என்றார்.


நூல்கண்டு:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நீங்கள் பேசுவது எங்கள் மேஜைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் வரி அறிவித்தார்களே, அதில் எங்களுக்கு 26 விழுக்காடு, வங்கதேசத்துக்கு 37, வியட்நாமுக்கு 46, இலங்கைக்கு 44. எங்கள் எம்.டி. சந்தோஷப்பட்டார், ஆர்டர் நம் பக்கம் திரும்பும் என்று. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு இருக்கிற வர்த்தகப் பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து வாங்குகிற இறக்குமதியால் வகுத்துப் பாதியாக்கி இருக்கிறார்கள். அதாவது நாம் எவ்வளவு வரி போடுகிறோம் என்பது கணக்கிலேயே இல்லை. அவர்களுக்கு நாம் விற்பது அதிகம், வாங்குவது குறைவு, அப்படியென்றால் ஏமாற்றுகிறோம். ஈரிக்கரை சொன்ன கேரேஜ் கணக்கு அப்படியே சூத்திரமாகிவிட்டது.

ஆகஸ்டில் எல்லாம் தலைகீழ். வங்கதேசம், வியட்நாம், இலங்கை மூன்றும் பேசிப் பேசி 20-க்கு இறங்கிவிட்டன. நமக்கு 7-ஆம் தேதி 25, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ஆம் தேதி இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 விழுக்காடு உண்டு, அதன் மேல் இந்த 50. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்குகிற சீனாவுக்கு அப்போது அந்தத் தண்டனை இல்லை.

27-க்கு முன்னால் கப்பலில் ஏற்றினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்ததும் இரண்டு வாரம் ராத்திரி பகலாக ஓட்டினோம். செக்கிங்கில் இருந்த அக்காக்கள் வீட்டுக்குப் போகவில்லை, பெட்டி கட்டும் டேப் தீர்ந்துபோய்ப் பக்கத்து யூனிட்டில் கடன் வாங்கினோம், தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும்போது விடியற்காலை நாலு மணி. முடியாத ஆர்டருக்கு பையரிடமிருந்து மெயில் வந்தது, வரியில் பாதியை விலையில் குறைத்து நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. சட்டப்படி வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான். ஆனால் ஒரு பீஸுக்கு எங்களுக்கு நிற்கிற லாபம் ஐந்தாறு விழுக்காடு, இதில் எங்கே போய் ஏற்பது? செப்டம்பரில் எங்கள் கம்பெனியில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். பீகாரிலிருந்து வந்த பையன்கள் முப்பது பேர் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ரயில் ஏறிவிட்டார்கள்.

ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. ஆகஸ்ட் 7, முதல் வரி அமலுக்கு வந்த அதே நாள், டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் மோடி பேசினார். விவசாயிகளின் நலனில் சமரசம் கிடையாது, அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்கவும் தயார் என்றார். அவர் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை, அமெரிக்கப் பால் பொருளும் மக்காச்சோளமும் தடையில்லாமல் வந்தால் நம் விவசாயி பிழைக்க முடியாது. ஆனால் அவரும் தன் வீட்டாரிடம் பேசினார், ட்ரம்பும் தன் வீட்டாரிடம் பேசினார். 2019-இல் ஹூஸ்டனிலும் 2020-இல் அகமதாபாத்திலும் மைதானம் நிறையக் கூட்டம் கூட்டிக் கைகோத்து நின்ற இரண்டு பேர். மைதானத்தில் கைகோப்பது சுலபம், தன் கூட்டத்தின் முன்னால் விட்டுக்கொடுத்ததாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற கட்டாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது நடுவில் பேசிமுடிக்க ஆள் இல்லை.


பழையகிணறு:

நூல்கண்டு கடைசியில் சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். அரசியல் தூதர்கள் என்று ஒரு கூட்டம் எதற்கு இருந்தது? வெளியே தெரியாமல் விட்டுக்கொடுக்க. 1962-இல் கியூபா ஏவுகணைப் பிரச்சினை தீர்ந்ததே துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுகிறோம் என்று கென்னடி தரப்பு ரகசியமாகச் சொன்னதால்தான், அது வெளியே வர வருடங்கள் ஆயின. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியை வெள்ளை மாளிகையில் உட்காரவைத்து கேமராக்களுக்கு முன்னால் நடந்த வாக்குவாதத்தை நினைத்துப் பாருங்கள். கேமரா இருக்கும்போது யாராலும் இறங்கிவர முடியாது.


வாசல்திண்ணை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. பலத்தின் கணக்கு பொய் இல்லை, டென்மார்க்கை அதட்ட முடிவதும் இந்தியாவுக்கு 2025-இல் ஐம்பது விழுக்காடு வரி போட முடிந்ததும் பலம் இருப்பதால்தான். ஆனால் அந்தப் பலத்தை யார் மேல், எதற்காக என்பது கேரேஜில் முடிவாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நூல்கண்டு அண்ணா, ஒன்றே ஒன்று. வரி குறைந்தால் உங்களுக்குப் பழையபடி ஆகிவிடுமா?


நூல்கண்டு:

ஆர்டர் வரும் தம்பி, இப்போதே வர ஆரம்பித்துவிட்டது. போன வாரம் ஒரு பழைய பையர், பதினொரு வருடமாக எங்களிடம் வாங்குகிறவர், கோடைக்கால சாம்பிள் கேட்டு மெயில் போட்டிருந்தார். ஒப்பந்தத்தில் இதுவரை இல்லாத ஒரு புது நிபந்தனை சேர்த்திருந்தார்: சரக்கு கடலில் இருக்கும்போது வரி மாறினால் அந்த வித்தியாசத்தை ஏற்றுமதி செய்கிறவர்தான் ஏற்க வேண்டும். எம்.டி. அதை மூன்று முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, துணிக்கு நூல் சொல்லிவிடச் சொன்னார்.